விடத் தெரியாத கைக்கு ஒரு மெய்நிகர் கோப்பை: தொடு பின்னூட்டச் சூழல் ஒன்றின் வடிவமைப்பு ஆய்வு

பக்கவாதத்திலிருந்து ஓரளவு தேறிய கை ஒரு கோப்பையைப் பிடித்துவிடும், தூக்கியும்விடும். மேசையில் வைத்த பிறகுதான் சிக்கல் தொடங்கும். கோப்பை மேசையில் உட்கார்ந்துவிட்டது, விரல்கள் மட்டும் அதை விட்டு வர மறுக்கும். விரிக்க முயன்றால் இன்னும் இறுகும். கடைசியில் மறு கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கும்.

கைப் பயிற்சிக்கென்று எழுதப்படும் மெய்நிகர் விளையாட்டுகளில் பல பிடிப்பதற்கே மதிப்பெண் கொடுக்கின்றன. விடுதல் ஏதோ தானாக நடந்துவிடுவது போல அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஏற்கெனவே மடங்கிக் கிடக்கும் விரல்களை மேலும் மடக்கச் சொல்லிப் பயிற்சி கொடுப்பது எதிர்த் திசையில் போகும் வேலை. அதனால் இங்கே விவரிக்கும் சூழல், அதாவது திரையில் தெரியும் கோப்பையை மோட்டார் விசையாலும் அதிர்வாலும் விரலுக்கு உணர்த்தும் பயிற்சிக் கருவி, விடுதல் என்ற செயலை மையமாக வைத்து வரையப்பட்டது. மோட்டார், கோப்பையின் பக்கத்தை உணர்த்தும் மெய்நிகர் சுவரின் விறைப்பு, அதிர்வு, மதிப்பெண் எல்லாமே அதற்குப் பிறகு அதையொட்டி முடிவானவை.

எடுத்துக்கொண்ட கை

கீழே உள்ள அளவுகள் ஒரு தனி நபரின் மருத்துவப் பதிவு அல்ல. சிகிச்சை அறையில் அடிக்கடி காணும் ஒரு நிலையை வடிவமைப்புக்கான மாதிரியாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். பக்கவாதம் வந்து ஆறு மாதம் கடந்த வலது கை. விரல் மடக்குத் தசைகளின் இறுக்கம், அதைத் தரம்பிரிக்கும் மாற்றியமைத்த ஆஷ்வொர்த் அளவில் 1+, அதாவது லேசானது. மணிக்கட்டைத் தன் முயற்சியால் 20 டிகிரி பின்னுக்கு வளைக்க முடியும், விரல்களை 10 டிகிரி விரிக்க முடியும். எண் கூடக் கூடத் தடிமனாகும் நைலான் இழைகளால் தோலைத் தொட்டுப் பார்க்கும் செம்ஸ்-வைன்ஸ்டீன் இழைச் சோதனையில், ஆட்காட்டி விரல் நுனியில் 4.31 எண் இழைதான் முதலில் உணரப்படுகிறது. நல்ல கை 2.83 இழையையே உணர்ந்துவிடும். அதாவது இந்தக் கைக்கு மெல்லிய தொடுகை எட்டுவதில்லை, காயத்திலிருந்து கையைக் காக்கும் காப்பு உணர்வும் குறைந்திருக்கிறது.

இந்த நான்கு எண்களில் தசை இறுக்கமும் இழைச் சோதனையும்தான் வடிவமைப்பைத் தீர்மானிக்கின்றன. மற்ற இரண்டும் இந்தப் பயிற்சி இந்தக் கைக்குப் பொருந்துமா என்று மட்டும் சொல்லும். விரல்களைச் சிறிதும் தானாக விரிக்க முடியாத கைக்கு இந்தச் சூழல் உதவாது. அதற்கு வேறு வழிகளில் தொடங்க வேண்டும்.

கையுறை ஏன் இல்லை

தொடு பின்னூட்டம் என்றதும் எல்லோருக்கும் கையுறைதான் நினைவுக்கு வரும். கிரிகோர் பர்டியா குழுவின் ரட்கர்ஸ் மாஸ்டர் 2 உள்ளங்கையில் காற்றழுத்தப் பிஸ்டன்களை வைத்து, விரல் மூடும்போது எதிர்த்துத் தள்ளியது. சைபர்கிராஸ்ப் புறங்கை வழியாகக் கம்பி இழுத்து விரல் மடங்குவதைத் தடுக்கும். இரண்டும் நல்ல பொறியியல். ஆனால் இறுகிய கைக்குள் கையுறையை மாட்டுவதே தனிப் போராட்டம். நாற்பது நிமிட அமர்வில் கால்வாசி நேரம் மாட்டுவதற்கே போனால் பயிற்சிக்கு என்ன மிஞ்சும்?

அதனால் தேர்ந்தது ஒரே ஒரு திசையில் திறந்து மூடும் கிடுக்கி. ஒரு பக்கம் கட்டைவிரலுக்கு அசையாத தட்டு. மறுபக்கம் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து உட்காரும் அசையும் தட்டு. இடையே உள்ள இடைவெளி 25 மி.மீ. முதல் 110 மி.மீ. வரை மாறும். அசையும் தட்டைத் தாங்கும் நெம்புகோல் 70 மி.மீ. நீளம். அதைத் தட்டு திரும்பாமல் நகரும் இணைகர இணைப்பாகச் செய்ய வேண்டும். ஒற்றை நெம்புகோல் போதும் என்று விட்டால், கிடுக்கி முழுதாகத் திறக்கும்போது தட்டு 70 டிகிரி திரும்பி, விரல் நுனிக்குப் பதில் நகக்கண்ணில் அழுத்தும்.

மாட்டும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் முதல் தவறு இங்கேதான் நடக்கும். முன்கையைத் தாங்கியில் வைத்து, மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்குங்கள். மணிக்கட்டு மடங்கினால் விரல்களின் விரிப்பு நாண்கள் இழுபட்டு, மடக்கு நாண்கள் தளர்ந்து, விரல்கள் தாமாகச் சற்றுத் திறக்கும். அந்த நிலையில் முதலில் கட்டைவிரலை வெளியே விலக்கி அதன் தட்டில் வைத்து, 20 மி.மீ. அகல வெல்க்ரோ பட்டையை விரலின் பின்புறம் சுற்றுங்கள். பிறகு மற்ற இரண்டு விரல்கள். கடைசியாக மணிக்கட்டை 20 டிகிரி பின் வளைந்த நிலைக்குக் கொண்டுவந்து தாங்கியில் பூட்டுங்கள். விரல்களை நேரடியாகப் பிடித்து இழுத்து விரித்தால் இறுக்கம் கூடி, அடுத்த பத்து நிமிடம் வீணாகும்.

பட்டை கட்டுவதால் ஒரு விலை உண்டு. விரல் எப்போதும் தட்டைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நிஜக் கோப்பையில் இருப்பது போல, தொடாத நிலையிலிருந்து தொட்ட நிலைக்கு மாறும் அந்தக் கணம் தோலுக்குத் தெரியாது. அதை வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும். அதிர்வு வரும் இடம் அதுதான்.

மோட்டாரும் கம்பியும்

விசையைக் கொடுப்பது சுழலியில் இரும்பு உள்ளகம் இல்லாத சிறிய நேர்மின் மோட்டார் ஒன்று. பல்சக்கரம் கிடையாது. மோட்டார் அச்சிலுள்ள 6 மி.மீ. ஆர உருளையிலிருந்து எஃகுக் கம்பி 60 மி.மீ. ஆர வட்டத் துண்டைச் சுற்றி இழுக்கிறது. விகிதம் 10-க்கு 1. பல்சக்கரத்தில் பல்லிடைத் தளர்வும் உராய்வும் இருக்கும். விரல் வெறுமனே அசையும்போதே அது கரகரப்பாக உணரப்படும், கைக்கும் பொருளுக்கும் இடையே வேண்டாத மூன்றாவது ஆளாக நிற்கும்.

மோட்டார் தொடர்ந்து 28 மில்லி நியூட்டன் மீட்டர் முறுக்கு தரும் என்றால் விரல் தட்டில் கிடைப்பது 4 நியூட்டன். 10 மடங்கு பெருக்கி, 0.07 மீட்டரால் வகுத்தால் இது வரும். சில நொடிகளுக்கு 8 நியூட்டன் கொடுக்கலாம், அதற்கு மேல் மோட்டாரின் கம்பிச் சுருள் சூடாகும். கருவி வாங்கும்போது அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது உச்ச விசை. சிகிச்சைக்குத் தேவை தொடர் விசை. மேசைமேல் வைக்கும் பேனா வடிவக் கருவியான பேண்டம் ஆம்னியில் உச்சம் 3.3 நியூட்டன், தொடர்ந்து தரக்கூடியது 0.88 நியூட்டன். கோப்பையைப் பத்து நொடி பிடித்திருக்கச் சொல்லும் பயிற்சிக்கு இரண்டாவது எண்ணை மட்டுமே பாருங்கள்.

இடத்தை அளக்க மோட்டார் அச்சில் ஒரு சுற்றுக்கு 4096 எண்ணிக்கை தரும் என்கோடர். விரல் தட்டில் அது 0.0107 மி.மீ.-க்கு ஓர் எண்ணிக்கை. விசையை அளக்க இரண்டு தட்டுகளின் அடியிலும் 20 நியூட்டன் லோடு செல். மோட்டார் மின்னோட்டத்திலிருந்தே பிடிப்பு விசையைக் கணக்கிடலாமே என்று தோன்றும். சுவரைத் தொடாத நேரத்தில் மோட்டார் சும்மா இருக்கும். கை எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அப்போது எதுவும் தெரியாது. விடுதலை ஆராயும் சூழலுக்கு அந்த நேரம்தான் முக்கியம்.

லோடு செல்லின் சமிக்ஞையை எண்ணாக மாற்ற மலிவான எச்.எக்ஸ். 711 பலகையைப் போடாதீர்கள். அது நொடிக்கு 10 அல்லது 80 அளவுகள்தான் தரும். தட்டில் 175 ஹெர்ட்ஸ் அதிர்வு ஓடும்போது 80 ஹெர்ட்ஸில் மாதிரி எடுத்தால், அந்த அதிர்வு 15 ஹெர்ட்ஸ் அலையாக வேடம் மாறித் திரையில் வரும். பார்ப்பவர் நோயாளியின் கை நடுங்குகிறது என்று குறிப்பெழுதிவிடுவார். கருவிப் பெருக்கி ஒன்றும் 1000 ஹெர்ட்ஸ் அனலாக் மாற்றியும் போட்டு, 50 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வடிகட்டினால் இந்தப் பொய் நடுக்கம் மறையும்.

எடைக்குத் தனி மோட்டார். கிடுக்கி முழுவதும் செங்குத்துத் தண்டவாளத்தில் 80 மி.மீ. ஏறி இறங்கும். அதன் சொந்த எடையான 400 கிராமை நிலைவிசைச் சுருள்வில் ஒன்று தாங்கிக்கொள்ளும். எதிர் எடைக் கட்டையைத் தொங்கவிட்டால் எடை சமப்படும், நிறை இரட்டிப்பாகும். வேகமாகத் தூக்கும்போது கை அந்தச் சுமையை உணரும். சுருள்வில்லில் அந்தத் தொல்லை இல்லை. கோப்பையின் 200 கிராம் எடையை இரண்டாவது மோட்டார் கீழ்நோக்கி 1.96 நியூட்டனாக இழுத்துக் காட்டும். மேசையிலிருந்து எழும் முதல் 5 மி.மீ.-க்குள் இது பூஜ்யத்திலிருந்து படிப்படியாக ஏற வேண்டும். நல்ல கையில் சுமை ஏற ஏறப் பிடிப்பும் கூடவே ஏறும் என்பதை ஆய்வாளர்கள் வெஸ்ட்லிங்கும் யோஹான்சனும் 1984-இல் காட்டினார்கள். சுமை ஒரே தாவலில் வந்தால் அந்த இணை ஓட்டத்தைப் பயில இடமே இருக்காது.

சுவர் எவ்வளவு கெட்டி

கோப்பையின் பக்கவாட்டை மென்பொருளில் ஒரு சுருள்வில்லாக எழுதுகிறோம், அதையே சுவர் என்கிறோம். விரல் தட்டு 60 மி.மீ. இடைவெளிக்குள் நுழைந்தால், எவ்வளவு நுழைந்ததோ அதற்கேற்ற எதிர்விசை. எவ்வளவு விறைப்பான சுருள்வில் வைக்கலாம் என்பது விருப்பத்தைப் பொறுத்ததல்ல. கணினி ஒவ்வொரு மில்லி நொடியும்தான் விசையைப் புதுப்பிக்கிறது. இரண்டு புதுப்பிப்புகளுக்கு நடுவே விசை பழையதாகவே நிற்பதால், சுவர் தானாகக் கொஞ்சம் ஆற்றலை உருவாக்கும். அந்த ஆற்றலை எந்திரத்தின் சொந்தத் தணிப்பு, அதாவது வேகத்துக்கேற்ப அசைவை எதிர்க்கும் தன்மை, தின்றுவிட வேண்டும். இல்லையென்றால் சுவர் ரீங்கரிக்கும். தொடு கருவி ஆய்வாளர் கோல்கேட்டின் குழு வகுத்த நிபந்தனை இதுதான்: எந்திரத்தின் தணிப்பு, விறைப்பையும் புதுப்பிப்பு நேரத்தையும் பெருக்கியதில் பாதியோடு மென்பொருள் தணிப்பையும் சேர்த்ததைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

எண்ணில் போட்டுப் பார்க்கலாம். எந்திரத்தின் தணிப்பு நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்கு 1 நியூட்டன், புதுப்பிப்பு 1 மில்லி நொடி. மென்பொருள் தணிப்பு இல்லாமல் விறைப்பின் உச்சம் மி.மீ.-க்கு 2 நியூட்டன். 0.25 அளவு மென்பொருள் தணிப்பு சேர்த்தால் உச்சம் 1.5 ஆகக் குறையும். தணிப்பைக் கூட்டினால் நிலைத்தன்மை கூடும் என்று நினைத்துக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள். புதுப்பிப்பு 4 மில்லி நொடியாக மெதுவானால் 2 என்பது 0.5 ஆகிவிடும். அது கோப்பை இல்லை, பஞ்சு.

என்கோடரும் தன் பங்குக்கு எல்லை போடும். உராய்வு விசையின் இருமடங்கை ஓர் எண்ணிக்கையின் தூரத்தால் வகுத்த அளவைத் தாண்டக்கூடாது. 0.1 நியூட்டன் உராய்வும் 0.0107 மி.மீ. எண்ணிக்கையும் இருக்கும்போது அந்த எல்லை 18-க்கும் மேல், கவலையில்லை. செலவைக் குறைக்க 256 எண்ணிக்கை என்கோடர் போட்டால் எல்லை 1.16-க்கு இறங்கும். 1.5 விறைப்பில் ஓர் எண்ணிக்கைக்கு 0.26 நியூட்டன் குதிக்கும், விரல் அதைச் சொரசொரப்பாக உணரும்.

இந்த வடிவமைப்பில் விறைப்பு மி.மீ.-க்கு 1.5 நியூட்டன். கெட்டியான பீங்கான் போல உணர இது போதாது. மீதியைக் கண் தரும். திரையில் விரலை அது உண்மையில் நுழைந்த இடத்தில் வரையாமல், கோப்பையின் மேற்பரப்பிலேயே நிறுத்தி வரைய வேண்டும். 4 நியூட்டனில் விரல் 2.7 மி.மீ. உள்ளே போயிருக்கும், ஆனால் கண்ணுக்கு அது பரப்பிலேயே நிற்கும். விறைப்பை மதிப்பிடும்போது மூளை கண்ணைத்தான் அதிகம் நம்பும், அதனால் சுவர் இன்னும் கெட்டியாகத் தோன்றும். உள்ளே நுழைந்ததை அப்படியே காட்டினால், மோட்டார் எவ்வளவு உழைத்தாலும் கோப்பை ரப்பர்தான்.

சுவரைக் கணக்கிடும் வேலையைக் கணினியிடம் விடக்கூடாது. யுனிட்டி போன்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் இயற்பியல் கணக்கு இயல்பாக 0.02 நொடிக்கு ஒருமுறைதான் ஓடும், அது 50 ஹெர்ட்ஸ். அதில் எழுதிய சுவரைத் தொட்டதுமே கிடுக்கி உதறும். சுருள்வில் கணக்கு முழுவதும் மோட்டாருக்குப் பக்கத்திலுள்ள மைக்ரோகன்ட்ரோலர் என்ற சிறு கட்டுப்பாட்டுச் சில்லில், சீரான 1000 ஹெர்ட்ஸில் ஓடட்டும். சுவர் எங்கே, எவ்வளவு விறைப்பு, எடை எவ்வளவு என்ற மூன்று எண்களை மட்டும் கணினி நொடிக்கு 60 முறை அனுப்பினால் போதும்.

வழுக்கும் எல்லைக்கும் உடையும் எல்லைக்கும் நடுவே

200 கிராம் கோப்பை, உராய்வு எண் 0.5. இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் குறைந்தது 1.96 நியூட்டன் வேண்டும். அதற்குக் கீழே போனால் திரையில் கோப்பை வழுக்கத் தொடங்கும். நல்ல கை இந்த எல்லைக்குச் சற்று மேலே மட்டும் பிடிக்கும், வழுக்கல் தெரிந்தால் 60 முதல் 80 மில்லி நொடிக்குள் தானாக இறுக்கும். உணர்வு குறைந்த கையிடம் அந்தத் தகவல் இல்லை. ஆகவே பத்திரத்துக்காகத் தேவைக்கு மேல் பல மடங்கு அழுத்தும். விடும்போது தளர்த்த வேண்டிய விசையும் அத்தனை மடங்காகிவிடும். விடுதலின் சிக்கல் பிடியிலேயே ஆரம்பிக்கிறது என்பதால்தான் அளவான பிடியையும் இந்தச் சூழல் பயிற்றுகிறது.

மேல் எல்லையில் கோப்பை விரிசல் விடும். முதல் நாளில் அது 6 நியூட்டன். இந்த எண்ணுக்குப் பின்னால் எந்திரத்தின் பலவீனம் ஒளிந்திருக்கிறது. மோட்டாரின் உச்சம் 8 நியூட்டன், இறுகிய கை அதைச் சுலபமாகத் தாண்டும். தாண்டினால் சுவர் நொறுங்கி விரல் உள்ளே போய்விடும். இன்னும் அழுத்தினால் கோப்பை அமுங்கிக் கொடுக்கும் என்று கை தவறாகக் கற்றுக்கொள்ளும். மோட்டார் தோற்பதற்கு முன்பே கோப்பை உடைந்துவிட்டால், எந்திரத்தின் எல்லை பயிற்சியின் விதியாக மாறிவிடும். உடைந்ததும் சுவரை 300 மில்லி நொடியில் படிப்படியாகக் கரைக்க வேண்டும். சட்டென்று எடுத்தால் அழுத்திக்கொண்டிருந்த கை படாரென்று மூடிக்கொள்ளும். அதற்காகவே 25 மி.மீ.-இல் ரப்பர் பதித்த இயந்திரத் தடை.

மூன்று முறை தொடர்ந்து உடையாமல், வழுக்காமல் தூக்கி வைத்தால் உடையும் எல்லை 0.25 நியூட்டன் இறங்கும். ஒருமுறை தவறினால் 0.25 ஏறும். இந்த மூன்றுக்கு ஒன்று படிமுறை நாளடைவில் நூற்றுக்கு ஏறத்தாழ 79 முறை வெல்லும் இடத்தில் நிலைகொள்ளும். சலிப்பும் வராது, மனமும் உடையாது. விசையில் பத்தில் ஒரு பங்கு மாறினால்தான் கைக்கு வித்தியாசம் தெரியும் என்பதால், 4 நியூட்டன் அருகே 0.25 மாறுவது நோயாளிக்குத் தெரியவே தெரியாது. கடினம் ஏறுகிறது என்ற பதற்றம் இல்லாமலே ஏறும். கீழே 3 நியூட்டனில் நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே வழுக்கும் எல்லைக்கும் உடையும் எல்லைக்கும் இடையே உள்ள சந்து மிகக் குறுகி, பயிற்சி சூதாட்டமாகிவிடும்.

விடுதல்

விடுதல் என்றால் என்ன என்று மென்பொருளில் எழுதும் ஒரே வரிதான் முழுச் சூழலின் உயிர். பிடிப்பு விசை ஓர் அளவுக்குக் கீழே போனால் விட்டதாகக் கொள் என்று எழுதுவதுதான் வழக்கம். அந்த வரியால் நோயாளி விரலை விரிக்காமலே ஜெயிப்பார். மடக்குத் தசையைக் கொஞ்சம் தளர்த்துவார், கோப்பை திரையில் மேசைக்குப் போய்விடும், விரல்கள் வளைந்தபடியே அடுத்த கோப்பைக்குக் காத்திருக்கும். இங்கே விதி வேறு. தட்டுகளின் இடைவெளி கோப்பையின் 60 மி.மீ. அகலத்தைவிட 10 மி.மீ. அதிகமாகத் திறந்து, அரை நொடி அப்படியே நின்றால்தான் விட்டதாகக் கணக்கு. அதுவரை திரையிலுள்ள கோப்பை விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். நிஜத்திலும் அப்படித்தானே நடக்கிறது.

இதைக் கைக்குப் புரியவைக்க மூன்று கட்டம். கோப்பை மேசையைத் தொட்டதும் எடை மறையும். ஒரு நொடி எதுவும் கேட்கக்கூடாது, தசை தளர நேரம் கொடுங்கள். பிறகு லோடு செல் காட்டும் விசை 1 நியூட்டனுக்குக் கீழே வரும்வரை திரையில் கோப்பையின் விளிம்பு மெல்ல நிறம் மாறட்டும். அதன் பிறகே திறக்கச் சொல்லும் குறி. இந்த வரிசையை மாற்றி, வைத்தவுடனே திற என்று கட்டளையிட்டால் மடக்குத் தசையும் விரிப்புத் தசையும் சேர்ந்து இழுக்கும், விரல் இடத்தைவிட்டு அசையாது.

திறக்க மோட்டார் உதவலாம், ஆனால் வேகம் கவனம். இறுக்கம் என்பது நீட்டும் வேகத்தோடு கூடும் எதிர்ப்பு என்று நரம்பியல் மருத்துவர் ஜேம்ஸ் லான்ஸ் 1980-இல் வரையறுத்தது இங்கே நேரடியாகப் பொருந்தும். விரலை வேகமாகத் திறந்தால், நீட்டப்பட்ட தசை தானாகச் சுருங்கும் நீட்சி அனிச்சை விழித்து, கை முன்னைவிட இறுகும். உதவி வேகம் விரல் நுனியில் நொடிக்கு 20 மி.மீ.-ஐத் தாண்டக்கூடாது. திறக்கும்போது லோடு செல் விசை ஏறத் தொடங்கினால் மோட்டார் நின்று, மூன்று நொடி காத்திருந்து, பிறகு தொடரட்டும். எதிர்த்து இழுத்து ஜெயிக்கப் பார்க்கும் மோட்டாரை இந்தக் கையில் மாட்டவே கூடாது.

உதவியின் அளவு 3 நியூட்டனுக்குள். ஒவ்வொரு வெற்றிக்கும் முந்தைய அளவில் பத்தில் ஒரு பங்கு குறையும், ஒவ்வொரு தோல்விக்கும் 0.3 நியூட்டன் கூடும். வெற்றி பெறும்போதும் குறைத்துக்கொண்டே வருவது கட்டாயம். நிலையான உதவி கிடைத்தால் உடம்பு தன் முயற்சியை ஓசையில்லாமல் குறைத்துக்கொள்ளும். நோயாளி சோம்பேறி என்பதால் அல்ல, இயக்கக் கட்டுப்பாட்டின் இயல்பே அது.

அதிர்வு

தொட்ட கணத்துக்கு ஒரே ஒரு சிறு தட்டல்: 175 ஹெர்ட்ஸில் எழுந்து 40 மில்லி நொடியில் அடங்குவது. இதற்கு நேர்கோட்டு ஒத்ததிர்வு மோட்டார் வேண்டும். கைபேசியில் வரும் சுழலும் நாணய மோட்டார் வேகம் பிடிப்பதற்குள் தொட்ட கணமே கடந்துவிடும். வழுக்கும்போது மூன்று விட்டுவிட்டு வரும் துடிப்புகள். விடும்போது எதுவும் இல்லை. முழு அமைதி. விடுதலுக்கும் ஒரு பாராட்டு அதிர்வு சேர்க்கலாமே என்று தோன்றும். சேர்க்காதீர்கள். தோலில் எது வந்தாலும் இந்தக் கை அதைப் பிடிக்கச் சொல்லும் சமிக்ஞையாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

ஆட்காட்டி விரல் நுனியில் உணர்வு குறைவு என்பதால் அதே தட்டலை இன்னோர் இடத்திலும் கொடுக்க வேண்டும். மணிக்கட்டின் பின்புறம் அதற்கு ஏற்றது. உள்பக்கம் வேண்டாம். தசை நாண்மேல், குறிப்பாக 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரம்பில் அதிர்வு கொடுத்தால், அந்தத் தசை தானாகச் சுருங்கும் என்பது 1966-லிருந்தே அறிந்த அனிச்சை. மணிக்கட்டின் உள்பக்கம் ஓடுபவை விரல் மடக்கு நாண்கள். அதிர்வு மோட்டாரை அழகாக உள்பக்கம் மறைத்து வைத்த பட்டை, தெரியாமலே கையை மூடிக்கொண்டிருக்கும்.

ஓர் அமர்வு

முழங்கை 90 டிகிரி, முன்கை தாங்கியில். முதுகு நாற்காலியோடு ஒட்டி, மார்பில் ஒரு தளர்ந்த பட்டை. தோளைத் தூக்கியும் உடலைச் சாய்த்தும் கோப்பையை நகர்த்தினால் மதிப்பெண் வரும், கை மட்டும் பயிலாது. கண்ணாடித் திரைக்குள் தலையை நுழைக்கும் காட்சிக் கருவி இந்தக் கைக்குத் தேவையில்லை. பார்வைப் புலம் ஒரு பக்கம் குறைந்தவர்களுக்கு அது குழப்பத்தைக் கூட்டும். 60 செ.மீ. தொலைவில் ஒரு சாதாரணத் திரை போதும்.

ஒரு தூக்கலுக்கு எட்டு முதல் பத்து நொடி. இருபது தூக்கல் ஒரு தொகுதி, பிறகு இரண்டு நிமிட ஓய்வு. எட்டுத் தொகுதியில் 160 தூக்கல், நாற்பது நிமிடத்தில் முடியும். வழக்கமான சிகிச்சை அமர்வில் கை செய்யும் பயன்பாட்டு அசைவுகள் சராசரியாக 32 என்று கேத்தரின் லாங் குழு 2009-இல் எண்ணிப் பதிவு செய்தது. எந்திரத்தின் உண்மையான பலன் இந்த எண்ணிக்கைதான், காட்சியின் அழகு அல்ல. ஓய்வு நேரம் தசைக்கு மட்டுமல்ல, மோட்டார் சுருளுக்கும் வேண்டும்.

எங்கே கெடும்

கம்பி நழுவுவது முதல் இடம். உருளையில் நான்கு சுற்றுக்குக் குறைவாக இருந்தாலோ இழுவிசை தளர்ந்தாலோ கம்பி கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். என்கோடர் மோட்டார் பக்கம் இருப்பதால் அதற்கு இது தெரியாது. கோப்பை நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகும், நோயாளிக்கு முன்னேற்றம் போலவும் பின்னடைவு போலவும் மாறி மாறித் தெரியும். நெம்புகோல் அச்சில் இரண்டாவதாக ஒரு காந்தக் கோண சென்சார் வையுங்கள். இரண்டும் 1 மி.மீ.-க்கு மேல் முரண்பட்டால் மோட்டார் அணையட்டும்.

அடுத்தது பொருள் திடீரென்று தோன்றுவது. விரல்கள் பாதி மூடியிருக்கும்போது திரையில் புதுக் கோப்பை பிறந்தால், தட்டு ஏற்கெனவே சுவருக்குள் இருக்கும். 10 மி.மீ. உள்ளே என்றால் சுருள்வில் 15 நியூட்டன் கேட்கும், மோட்டார் தன் முழு 8 நியூட்டனையும் ஒரே நொடியில் கொடுத்து விரலைத் தள்ளிவிடும். வலியும் வரும், அனிச்சையும் வரும், அன்றைய அமர்வும் முடிந்தது. விரல்கள் 70 மி.மீ.-க்கு மேல் திறந்திருந்தால் மட்டுமே புதுப் பொருள் வரலாம் என்ற விதி போதும். அது விடுதலையும் இன்னொரு முறை கேட்டு வாங்கும்.

யூ.எஸ்.பி. வழியே கணினியின் செய்தி 100 மில்லி நொடிக்கு வராவிட்டால், மைக்ரோகன்ட்ரோலர் விசையை 200 மில்லி நொடியில் பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும். அவசர நிறுத்தப் பொத்தான் நோயாளியின் நல்ல கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், சிகிச்சையாளர் பக்கம் இன்னொன்று. மின்காப்புக்கு ஐ.இ.சி. 60601-1, மறுவாழ்வு ரோபோக்களுக்கு 2019-இல் வந்த ஐ.இ.சி. 80601-2-78, இடர் மதிப்பீட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 14971. கருவியை மருத்துவச் சாதனமாகப் பயன்படுத்துவதென்றால் முதல் வரைபடத்திலிருந்தே இவற்றைப் பின்பற்ற வேண்டும், முடித்த பிறகு பொருத்த முடியாது.

வியர்வையும் கெடுக்கும். தட்டின் பரப்பு ஈரமானால் விரல் பட்டைக்குள் நகரும், கோப்பை அகலத்தின் கணக்கு 2, 3 மி.மீ. பிசகும். துணி உறைக்குப் பதில் துடைக்கக்கூடிய சிலிகான் பரப்பு வைத்து, ஒவ்வொருவருக்கும் இடையே 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள்.

எதை அளப்பது

சூழலின் மதிப்பெண்ணை முன்னேற்றமாக எடுத்துக்கொள்ளக்கூடாது. படிமுறை எப்போதும் நூற்றுக்கு 79 வெற்றியில் நிறுத்துவதால் வெற்றி விகிதம் எதையும் சொல்லாது. பதிவில் பார்க்க வேண்டியவை மூன்று: கோப்பை மேசையைத் தொட்ட கணத்திலிருந்து விசை 1 நியூட்டனுக்குக் கீழே வர எத்தனை நொடி, அங்கிருந்து 70 மி.மீ. திறக்க எத்தனை நொடி, அதற்கு மோட்டார் எவ்வளவு உதவியது. மூன்றும் தனித்தனியாகக் குறையும். முதலாவது குறைந்து இரண்டாவது குறையாவிட்டால் தசை தளர்கிறது, விரிப்பு வலு வரவில்லை என்று பொருள். பயிற்சியின் எடையை விரிப்புப் பக்கம் மாற்ற வேண்டும். ஐந்து அளவீடுகளை 1000 ஹெர்ட்ஸில் ஒவ்வொன்றும் 4 பைட்டாகப் பதிந்தால் ஓர் அமர்வுக்கு 48 மெகாபைட்தான் ஆகும், எதையும் சுருக்கிச் சேமிக்க வேண்டிய அவசியமில்லை.

கருவிக்கு வெளியே பெட்டி-கட்டைச் சோதனை செய்யுங்கள்: 2.5 செ.மீ. கட்டைகள் 150, நடுவே தடுப்பு, ஒரு நிமிடத்தில் எத்தனை கட்டைகளைத் தாண்டிப் போட முடிகிறது. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு விடுதல் இருக்கிறது என்பதால் இந்தச் சூழலுக்கு அது பொருந்தும்.

ஒவ்வொரு அமர்வின் கடைசித் தொகுதியிலும் மோட்டாரையும் அதிர்வையும் அணைத்து, பட்டைகளைக் கழற்றிவிட்டு, அதே 60 மி.மீ. அகலமும் 200 கிராம் எடையும் உள்ள நிஜக் கோப்பை ஒன்றை மேசையில் வைத்து, ஐந்து முறை தூக்கி வைக்கச் சொல்லி நேரம் பாருங்கள். கருவியில் விடும் நேரம் இரண்டு வாரமாகக் குறைந்துகொண்டே வந்து, நிஜக் கோப்பையில் அசையாமல் நின்றால், பெரும்பாலும் கை கற்றது திரையில் நிறம் மாறும் விளிம்பை. அப்போது அடுத்த அமர்விலிருந்து அந்த நிறத்தை இரண்டு தூக்கலுக்கு ஒருமுறை, பிறகு ஐந்துக்கு ஒருமுறை என்று விலக்கி, எடை மறையும் உணர்வை மட்டும் விட்டுவைத்துப் பயிற்சியைத் தொடருங்கள்.